பின்வரிசையில் ஒரு கை

"ஒருத்தரைப் போலீஸ் பிடிச்சுட்டாலே, அவர் ஏதோ செஞ்சிருப்பார்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. உண்மையைச் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

தீர்ப்புச் சொல்லும் ஜூரியை ஊர்மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் நாளில் வெண்டல் புரோகாப் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கை தூக்குபவர்களுக்கு நன்றி சொல்லி, அவர்களை வீட்டுக்கு அனுப்ப வழி பார்ப்பார்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசுப் பதவி அவருடையது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், இந்த மாவட்டத்தில் அதற்கும் தேர்தல் உண்டு. தேர்தல் வந்தால் சோளக்காட்டு வேலியெல்லாம் அவர் பெயர்தான். இதுவரை தோற்றதில்லை.

இன்று காலைகூட, சாட்சி சொல்ல வந்திருந்த இறைச்சி ஆலைத் தொழிலாளி எலிசியோ, நடைவழியில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "என் ஓட்டு எப்பவும் உங்களுக்குத்தான் சார்."

வெண்டல் அவர் முகத்தைப் பார்க்காமல் சிரித்துவைத்தார்.

இப்போது ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. பின்வரிசையில், நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி.

"ஏன் அப்படி நினைக்கிறீங்க மேடம்?"

"என்னையும் பிடிச்சாங்க சார். நீங்கதான் வாதாடி விடுதலை வாங்கித் தந்தீங்க. ஆனா நான் செஞ்சிருந்தேன்."

குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. லொரெய்ன்.

வெண்டலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கொட்டகைக்குத் தீ வைத்து, உள்ளே தூங்கிய புருஷனைக் கொன்றாள் என்பது அவள் மேல் வழக்கு. வெண்டல் ஜெயித்த முதல் பெரிய வழக்கு அது. அவரை முதல் தேர்தலில் ஜெயிக்கவைத்ததும் அதுதான். எத்தனையோ பேருக்கு வாதாடியிருக்கிறார். மனசார நம்பியது இவள் ஒருத்தியைத்தான்.

அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை. விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. நீதிமன்றப் படிக்கட்டில் வைத்து, அழுதுகொண்டிருந்தவளிடம் அதை எடுத்துச் சொன்னவரே வெண்டல்தான்.

குற்றம் செய்தவள் தப்பித்ததில் அவருக்கு வெட்கமில்லை. அது அவர் வேலை.

ஆனால் இவள் செய்தாள் என்றால், எமில் டூசெக் செய்யவில்லை.

டூசெக் அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவன். கொட்டகைச் சாவி அவனிடமும் இருந்ததே, அவனை ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஜூரிமுன் நின்று விரல் நீட்டியவர் வெண்டல். லொரெய்ன் வெளியே வந்தாள், டூசெக் உள்ளே போனான். நான் செய்யலை, நான் செய்யலை என்று சொல்லிச் சொல்லியே சிறையில் செத்துப்போனான்.

அந்த விரலை வெண்டல் இப்போது மேசைக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

நீதிபதி அவசரமாக இடைவேளை அறிவித்தார். ஜூரிக்கு வந்திருந்தவர்கள் வரிசையாக வெளியேறினார்கள். லொரெய்ன் கைப்பையைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு கடைசியாகப் போனாள்.

பக்கத்திலிருந்த கட்சிக்காரன் கோல்பி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாக அவன் மேல் வழக்கு. தோற்றால் ஆயுள் முழுக்கச் சிறை. இருபத்திரண்டு வயது. வெண்டலை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

"சார், நம்ம திட்டத்துல ஒண்ணும் மாத்தம் இல்லையே? பிணத்தை முதல்ல பார்த்த அந்த இறைச்சி ஆலைக்காரன் மேலதானே பழியைத் திருப்பறோம்?"

வெண்டல் கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில் எலிசியோ உட்கார்ந்திருந்தார்.

வெண்டல் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், பாதி எழுந்து மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.