மொட்டை மாடியில் ஒரு கோடி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மலை மந்திர் முருகன் என் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொள்ளட்டும். கண்புரை எடுத்து ஆறு மாதம்கூட ஆகாத, நல்ல கண்கள்.

ஜனவரிக் காலை, ஏழு மணி. டில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் ஜோதிலிங்கம் குரங்குக் குல்லாயோடு நின்றிருந்தார். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி.

பெட்டிக்குள் ஒரு சில்லு. சில்லுக்குள், கண்ணுக்கே தெரியாத சிலிக்கான் துண்டு ஒன்று நொடிக்கு ஒரு கோடி முறை அதிர்ந்துகொண்டிருந்தது.

குளிர்ந்தால் அது விறைத்துக்கொண்டு வேகம் ஏறும். சூடானால் தளர்ந்து இறங்கும். மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அதை ஒரே சுருதியில் பிடித்து வைக்கத்தான் ஜோதிலிங்கம் ஆறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இன்று அந்தச் சுருதி அசைந்தால் அவருடைய பிரிவையே மூடிவிடுவார்கள். சில்லை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று டைப் அடித்த காகிதம், சோதிக்க வந்த குழுவின் தலைவர் ராமசுப்ரமணியனின் கோட்டுப் பையில் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பிரிவின் அறையைக் கேன்டீன்காரர் முந்தின நாளே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

"ஹீட்டர் போட்ட ரூம்ல எல்லாம் சமத்தாத்தான் இருக்கும் ஓய். மாடிக்குக் கொண்டு வாரும்" என்று சொன்னதும் தலைவர்தான்.

மாடியில் ஒரே ஒரு சிக்கல். அதிர்வை எண்ணும் கருவிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான இன்னொரு துடிப்பு வேண்டும். அது கீழ்த்தளத்துப் பெரிய கடிகாரத்திலிருந்து கம்பி வழியாக வர வேண்டும். கம்பி இரண்டாம் மாடிக்கு மேல் எட்டாது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் வருமுன்னே ஜோதிலிங்கம் தனியாக ஏறிப்போய் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தார்.

கருவியில் எண் எரிந்தது. ஒரு கோடி. புள்ளிக்குப் பின் நான்கு சைபர்.

தலைவர் பெட்டியை ஐஸ் வாளியில் இறக்கச் சொன்னார். அரை மணி நேரம். நான்கு சைபர்.

வாட்ச்மேன்கள் குளிர்காயும் அங்கீட்டி அடுப்பைக் கனன்ற கரியோடு மேலே வரவழைத்து, பெட்டியை அதன் ஓரத்தில் வைத்தார். பெட்டியின் மூடி வளைந்தது. நான்கு சைபர். கரிதான் களைத்துப்போய் அணைந்தது.

தண்ணீர்த் தொட்டி மேல் வெடவெடத்துக்கொண்டிருந்த புறா ஒன்று இறங்கி வந்து, எண்ணைப் பார்த்துவிட்டு, நடுங்குவதை நிறுத்திக்கொண்டது.

தலைவர் கருவியின் தலையில் தட்டினார். குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் போகக் காலெடுத்தபோது ஜோதிலிங்கம் இஞ்சிச் சாய் டம்ளரை நீட்டினார்.

"அச்சா. மூச்சுகூட விடமாட்டேங்கறதே ஓய்."

ஜோதிலிங்கம் குல்லாயைக் கழற்றினார். பனி வழுக்கையில் இறங்கியது.

"திருநவேலிப் பிள்ளைலா சார். நெருப்புல போட்டாலும் சொன்ன சொல்லு மாறாது. நீங்க வாங்கப் போற வெளிநாட்டுப் பிள்ளையையும் கொண்டாந்து பக்கத்துல வைங்க. எது நடுங்குதுன்னு பாத்துருவோம்."

தலைவர் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து, அணைந்த அங்கீட்டியில் போட்டார்.

ஜோதிலிங்கம் அத்தோடு விடவில்லை. மண்டியிட்டு, கன்னம் உப்ப ஊதி ஊதி, கரியைக் கனலவைத்து, காகிதம் சாம்பலாகும்வரை எழுந்திருக்கவில்லை.

கீழ்த்தளத்துக் கம்பி அன்று முழுக்க ஆணியில் சுருட்டியபடியே தொங்கியது. மாடியில் இருந்த கருவி, அந்தச் சில்லை அதே சில்லோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.