மூச்சிரைக்கும் முட்டாள்

"உலகத்து உயிர்களிலேயே வடிகட்டின முட்டாள் இந்த அசோட்டோபாக்டர் பாக்டீரியாதான்" என்று ஆய்வகத்தில் பிரகடனம் செய்தார் பேராசிரியர்.

"காத்துலேர்ந்து நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்குதே சார்?" என்றாள் மாணவி.

"குடுக்கும். ஆனா அந்த வேலையைச் செய்யற நொதிமேல ஆக்சிஜன் பட்டா அது காலி. அதனால தின்ன சர்க்கரையையெல்லாம் எரிச்சு, மூச்சு வாங்கி வாங்கியே வர்ற ஆக்சிஜனைத் தீர்த்துக்கட்டுது. இதெல்லாம் ஒரு பொழப்பா?"

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மகள் தொடங்கினாள். "அப்பா, அம்மா எப்போ..."

"குதிரை ரெடி, ஏறு!" என்று குனிந்தார். அவள் சிரித்துக் களைத்து முதுகிலேயே கண்ணயரும்வரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

தங்கை கதவோரம் வந்து நின்றாள். "அண்ணி தவறி ஒரு மாசமாச்சுண்ணா. குழந்தைகிட்ட எப்பதான் சொல்லப்போறே?"

அவர் மூச்சிரைக்க நின்றார். மகள் லேசாகக் கண் திறந்தாள். "அப்பா, அம்மா..."

குதிரை மறுபடி ஓடத் தொடங்கியது.