கரைந்த கோடு

“டமார்!”

வெளியே வேன் எதிலோ மோதியதில், சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் காபிக் கோப்பைகள் அதிர்ந்தன. பெவ்வின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

“அந்தக் குப்பைத்தொட்டியைக் கொண்டுவந்து வண்டி வர்ற வழியில வெச்சது யாரு?” என்று அதட்டிக்கொண்டே படியிறங்கி வந்தாள் ஆர்டிஸ். எழுபத்தாறு வயது. தோளில் ஒட்டியிருந்த பனியை உதறினாள்.

“அது பத்து வருஷமா அங்கேயேதான் இருக்கு,” என்று லவானின் காதில் முணுமுணுத்தாள் பெவ்.

“சத்தமா சொல்லேன் பார்க்கலாம்,” என்றாள் லவான்.

“ஏண்டி, நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?”

வியாழக்கிழமைதோறும் காலையில், ரப்பர் ஸ்டாம்பால் படம் அச்சிட்டு வாழ்த்துக் கார்டு செய்யும் ரப்பர் ஸ்டாம்ப் சங்கம் கூடும். கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவது ஆர்டிஸின் வேன்தான். இருபது வருடமாக, எந்தப் பனியிலும் அது நின்றதில்லை. சாவியை அவள் இன்னொருவர் கையில் கொடுத்ததுமில்லை.

லவான் எலுமிச்சைக் கேக் தட்டை நீட்டினாள். டோரீன் வேண்டாமென்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். லேசாக வீங்கியிருந்தது.

“பல்லு பிடுங்கி ரெண்டு நாள்தான் ஆச்சு. கஞ்சிதான் குடிக்கிறேன்.”

“பேசறதுக்கு மட்டும் வலிக்கலையாக்கும்!” என்றாள் லவான்.

மேசையில் நாற்பது கார்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பனிக்கிளையில், சிவப்பு இறகுள்ள கார்டினல் பறவை ஒன்று கறுப்புக் கோட்டில் அச்சாகியிருந்தது. முதியோர் இல்லத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் காதலர் தினத்துக்கு இந்தச் சங்கத்தின் கார்டு போகும். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

“டோரீன், அந்தச் சிவப்பை எடுத்துக் கொடு,” என்றாள் ஆர்டிஸ். பென்சில் டப்பா அவளுக்கு எதிரிலேயே இருந்தது.

வாட்டர் கலர் பென்சிலால் இறகில் சிவப்பைத் தீட்டினார்கள். பிறகு தூரிகையைத் தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தார்கள். பென்சில் கோடு கரைந்து வர்ணமாகும் இந்த நிமிஷத்துக்காகத்தான் எல்லோரும் வருவது.

“ஐயையோ! ஓடுது! கறுப்பும் சேர்ந்து ஓடுது!” என்று கத்தினாள் பெவ்.

லவானின் கார்டிலும் அப்படியே. தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு சிவப்புக்குள் வழிந்து, பறவை புகைக்கூண்டுக்குள் போய் வந்ததுபோல் ஆகிவிட்டது.

“இது கரையற மை! கரையாத மையில அழுத்தணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. ரெண்டு கறுப்பு மை டப்பாவும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூடியில எழுதியிருக்கிறதைப் படிக்க வேண்டாமா?” பெவ் சுவரில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலைப் பார்த்தாள். “செவ்வாய்க்கிழமை ஸ்டாம்ப் அழுத்தற முறை... ஆர்டிஸ், டோரீன்.”

ஆர்டிஸ் தன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் டோரீன் எழுந்துவிட்டாள்.

“டப்பாவை மாத்தி எடுத்தது நான்தான்.”

புதிதாகச் சேர்ந்தவர் ஆறு மாதத்துக்குள் சங்கத்தின் வேலையைக் கெடுத்தால் வெளியே போகவேண்டும். ஆர்டிஸே எழுதிவைத்த விதி அது. டோரீன் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கணவன் இறந்தபின் இந்த ஊருக்குக் குடிவந்தவள். வியாழக்கிழமையை விட்டால் அவளுக்குப் பேச்சுத் துணை கிடையாது.

“விதின்னா விதிதான். போன வருஷம் ஷெரனை அனுப்பலையா?” என்றாள் பெவ்.

“மிச்சக் கார்டுக்குத் தண்ணியே தொட வேண்டாம். பென்சிலை மட்டும் அழுத்தித் தீட்டினா போதும், கறுப்பு ஓடாது,” என்றாள் டோரீன் அவசரமாக. “கெட்டுப்போனதை நான் புதுசா பண்ணித் தரேன். வேற என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க, வெளியே மட்டும் அனுப்பாதீங்க.”

“என்ன தண்டனை? காபி போடறியா? போன வாரம் நீ போட்ட காபியை என் நாய்கூட மோந்து பார்க்காது,” என்றாள் லவான்.

“வண்டி ஓட்டறேன். இந்த மாசம் முழுக்க எல்லாரையும் நானே வீட்டுல கொண்டுவிடறேன். ஆர்டிஸ் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்து வரட்டும்.”

“ஆர்டிஸோட வேனையா?” பெவ் சிரித்துவிட்டாள். “நல்லா கனவு காணு!”

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. டோரீனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, பாழான பறவையின் மேல் வைத்தாள்.

“ஒரு மாசம்,” என்றாள்.

மதியம், டோரீன் குப்பைத்தொட்டியில் படாமல் வேனைப் பின்னுக்கு எடுத்தாள். பெவ்வும் லவானும் அவரவர் வீட்டில் இறங்கிக்கொண்டார்கள். கடைசியாக ஆர்டிஸின் வீட்டு வாசலில் வேன் நின்றது. டோரீனின் வீடு அங்கிருந்து இரண்டே தெரு, நடந்துவிடலாம். சாவியை உருவி நீட்டினாள்.

ஆர்டிஸ் அதை வாங்கவில்லை. இறங்கவுமில்லை.

“எந்தப் பல்லு?”

“கீழ் வரிசையில கடைசி.”

“செவ்வாய்க்கிழமை போன் பண்ணி, மரத்துப்போன வாயோட, இன்னிக்கு ஸ்டாம்ப் அழுத்த வரமுடியாதுன்னு சொன்னியே, அதே பல்லுதானே?”

டோரீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஆர்டிஸ் அவளுடைய விரல்களைச் சாவியின் மேல் மடக்கி மூடினாள்.

“அன்னிக்குத் தனியா, ரெண்டு மை டப்பாவையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தெரியலை... ஒரு மாசம் பத்தாது டோரீன், அடுத்த மாசமும் ஏதாவது ஒரு தப்பு பண்ணும்மா.”