அரைவேக்காட்டுத் தலை

குளியலறை முக்காலியில் அப்பா கையும் களவுமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோளில் துண்டு. மடியில், மகளின் வேலைப் பையிலிருந்து எடுத்த கிரீம் டப்பா, சுருட்டை முடியை நேராக்குகிற கிரீம். தலையின் முன்பாதி படிந்து நெற்றியில் விழுந்திருந்தது. பின்பாதி பிறந்ததிலிருந்து எப்படியோ அப்படியே, சுருள் சுருளாக முறைத்துக்கொண்டு நின்றது.

இருபது நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தது டப்பா. முன்னால் முதலில் பூசி, அப்புறம் கையை வளைத்துப் பின்னால் பூசி முடித்து எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணன் கதவைத் தட்டியிருக்கிறான். ஐம்பத்தெட்டு வயது மனிதர் பதறிப்போய், கைக்குக் கிடைத்த துணி சோப்பைப் போட்டுத் தலையைக் கழுவிவிட்டார்.

பதினோரு வருடமாக அழகு நிலையத்தில் ஊரார் தலையை நேராக்கிப் பிழைக்கிற மகளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. சிரிப்பு அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

"இன்னொரு தடவை போட்டு விடும்மா. நாலு மணிக்குப் போகணும்."

நாலு மணிக்கு அவர் யாரைப் பார்க்கப் போகிறார் என்பது வீட்டுக்கே தெரியும். அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று, அங்கே வேலை பார்க்கும் டெலிபோன் ஆபரேட்டர் அம்மா, மோட்டார் மெக்கானிக்கான அப்பாவுக்குப் போன் போட்டார். மோட்டார் அன்றைக்கே ஓடிவிட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. போனிலேயே வளர்ந்த பழக்கம் இன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் உட்காரப் போகிறது.

அண்ணன் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகிறது. கூடத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. மோட்டார் மெக்கானிக்குக்கே மரை கழண்டுவிட்டதாம்.

மகள் அப்படியெல்லாம் பேசியதில்லை. ஆனால் சரி என்றும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதே தான் செய்கிற பெரிய உபகாரம் என்று நினைத்திருந்தாள்.

அவர் தலையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். கிரீமின் காரத்தை முறிக்கிற ஷாம்புவைப் போட்டுத் தேய்த்தாள். நுரை ரோஸ் நிறத்தில் வந்தது. காரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மூன்றாவது தடவைதான் வெள்ளை நுரை வந்தது. கண்டிஷனர் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினாள்.

பிறகு பின்னந்தலையில் ஒரே ஒரு முடியைப் பிரித்து, ஈரத்தோடு இழுத்துப் பார்த்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். இது நீண்டுகொண்டே போய் அறுந்தது.

அறுந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இன்றைக்கே திரும்பப் போட்டால் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்துவிடும், தோலும் வெந்துவிடும் என்றாள். குறைந்தது இரண்டு வாரம் முடியைத் தேற்ற வேண்டும். அப்புறம் நேரான இடத்தில் வாசலைன் தடவி மறைத்துவிட்டு, ஒரு கொத்தில் போட்டுப் பார்த்து, தாங்கினால், வேகாமல் சுருளாகவே நிற்கிற இடத்துக்கு மட்டும் கிரீம் போட வேண்டும்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. என் தலைதானே?"

"தலை உங்களுது. கை என்னுது. போட மாட்டேன்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளும் அசையவில்லை. பிடிவாதம் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் பங்கு பிரிந்திருந்தது.

கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஈரத்தோடு இழுத்து வாரி, தலையை ஒட்டி ஹேர்பின் குத்தி, ஒரு மணி நேரம் துணி சுற்றி வைத்தால் படிந்துவிடும். ராத்திரி வரைக்கும் தாங்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

"பாக்கறவங்களுக்குத்தானே?" என்றார் அப்பா.

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். அந்த ஆபரேட்டர் அம்மாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. உங்கள் முடி எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாள் போனில் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் 'ஸ்பிரிங்கு' என்றே கூப்பிடப்பட்டவர், பட்டு மாதிரி வழவழவென்று நேராக இருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நேரில் வரும்போது உங்கள் முகத்தையும் தலையையும் தொட்டுப் பார்க்கலாமா என்று நேற்று அவர் கேட்டாராம். இவரும் சரி என்றிருக்கிறார்.

கூடத்தில் அண்ணன் சத்தமாகச் சிரித்தான்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காலால் உதைத்துக் கதவைச் சாத்தினாள். தன் அப்பாவைப் பார்த்து இந்த வீட்டில் ஒருத்தனும் சிரிக்க வேண்டாம் என்று இருந்தது. இத்தனை நாள் சும்மா இருந்த தன் வாயின் மேலும் கோபம் வந்தது.

கிரீம் டப்பாவை இறுக்கி மூடிப் பைக்குள் போட்டாள். அவர் தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். வாரவில்லை, பின் குத்தவில்லை. முன்தலையில் அவர் சொன்ன பொய் படிந்து கிடந்தது. பின்தலையில் அவர் இருந்தார்.

"பின்னாலேர்ந்து தொடச் சொல்லுங்க," என்றாள். "முன்னால ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா, நான் பதில் சொல்லிக்கறேன். நானும் வரேன்."