உப்புத் தட்டில் வெள்ளை

கடைசிக் கையும் பொருந்தவில்லை.

அவள் திரையை இன்னொரு தரம் மேலிருந்து கீழாகப் படித்தாள். ஆய்வகத்தில் இருக்கிற அத்தனை பேரின் உள்ளங்கையையும் பஞ்சால் துடைத்து எடுத்து, வளர்த்து, மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. தலைவரைக்கூட விடவில்லை. கைரேகையும் வேண்டுமா என்று கேலி செய்துகொண்டேதான் மனிதர் கையை நீட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது உயிர் போகிற பிரச்சினை.

உப்புப் பாலைவனத்து மண்ணில் இதுவரை யார் கண்ணிலும் படாத பாக்டீரியாவைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. பிடித்தபின் அது யாருக்குத் தூரத்துச் சொந்தம், யாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று துருவித் துருவி விசாரிக்க வேண்டும். யாருக்கும் உறவில்லை என்று தெரிந்தால் புது இனம். பெயர் வைக்கலாம்.

வைக்க வேண்டிய பெயரை அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். மண் எடுக்கப் போன இடத்தில் உப்புப் பாளம் உடைந்து உள்ளே போய்விட்ட அவள் கணவனின் பெயர்.

உடல் கிடைக்கவில்லை. கரையில் அவன் வைத்துவிட்டுப் போன பெட்டி கிடைத்தது. அதற்குள் மண் நிரப்பி இறுக்கி மூடிய குப்பிகள்.

அந்தக் குப்பிகளை அவள் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, மண்ணைக் கரைத்து, பாக்டீரியா வளர்க்கும் உப்புத் தட்டுகளில் பரப்பினாள். எதிலும் ஒன்றும் முளைக்கவில்லை. கடைசிக் குப்பியில்தான் வந்தது, வெள்ளை வெளேரென்று பொட்டுப் பொட்டாக. அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கடும் உப்பில் வாழ்கிறவை பெரும்பாலும் சோம்பேறிகள். வாரக்கணக்கில் காக்கவைத்துத்தான் கண்ணில் படும், அதுவும் இளஞ்சிவப்பாக. இதுவோ வெள்ளை, அதிலும் அவசரக்குடுக்கை. அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மரபணுச் சோதனையின் முதல் அறிக்கை வந்த அன்று தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புது இனமெல்லாம் இல்லை. மனிதத் தோலில் குடியிருக்கிற சாதாரண பாக்டீரியா. வியர்வை உப்பிலேயே பிழைப்பு நடத்துவதால் உப்புத் தட்டிலும் தாக்குப்பிடிக்கிறது.

"யார் கையோ பட்டிருக்கும்மா. தூக்கிப் போட்டுடுங்க."

யார் கையோ என்றால் வேறு யார் கை? குப்பியைத் திறந்தவள் அவள். இத்தனை வருட வேலையில் ஒரு தட்டைக்கூடக் கெடுத்ததில்லை என்று பெயர் எடுத்தவள். அவன் விட்டுப்போன கடைசிக் குப்பியைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமா என்ற கேள்வி அவளைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. பைத்தியம் பிடிக்காத குறை.

அதனால்தான் இந்தக் கை வேட்டை. ஒரே பாக்டீரியாதான் என்றாலும் ஆளுக்கு ஆள் அதன் மரபணு கொஞ்சம் மாறும். முதலில் துடைத்து எடுத்ததே தன் கையைத்தான்.

அது பொருந்தவில்லை. மற்றவர்களுடையதும் பொருந்தவில்லை. மண் பரப்பாமல் சோதனைக்காகக் கூடவே வைத்திருந்த வெற்றுத் தட்டுகளும் சுத்தமாக இருந்தன. அப்படியென்றால் இது குப்பிக்கு உள்ளேயிருந்துதான் வந்திருக்கிறது.

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குப்பியை அவள் திறப்பதற்கு முன்னால் அதை மூடிய கை ஒன்று உண்டு.

வெயிலில் வியர்க்கிறது, மூடி வழுக்குகிறது என்று கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்கிறவன் அவன். மற்ற எதிலும் அவள் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். இதில் மட்டும் ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

அவள் எழுந்து போய், தட்டுகளை உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். நேற்றைக்கு இன்றைக்குப் புள்ளிகள் கொஞ்சம் பெருத்திருந்தன.

திட்டத்தான் வாய் வந்தது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு!"

கெட்டுப்போன தட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய் ஆவியில் வேகவைத்துக் கொல்கிறவர் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். எல்லோரும் குக்கர்க்காரர் என்று கூப்பிடும் ஆள். வழக்கம்போல் கையை நீட்டினார்.

அவள் சட்டென்று தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சக்கரச் சத்தம் அடங்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு வலது கையுறையை உருவிப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தாள்.

உள்ளங்கையை மெதுவாக அதன்மேல் வைத்தாள்.

இளஞ்சூடாக இருந்தது.