அரை நாள் லீவு

மாலை போட்ட படத்துக்கு முன்னால் ராஜகுமாரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்த தாய் தகப்பன் போனாக்கூட இம்புட்டுத் துக்கம் இருக்காது” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

படத்தில் சங்கரசுப்பு முதலாளியும் அவர் மனைவி சுந்தரம்மாளும் ஒரு கேடயத்தைச் சேர்ந்து பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையம் ரோட்டில் லாரி மோதி இருவரும் போய் இன்றைக்கு முப்பதாம் நாள். சங்கரன்கோவிலில் நைட்டி தைக்கும் கம்பெனி அவர்களுடையது. ராஜகுமாரி அங்கே ஒன்பது வருஷமாகத் தைக்கிறாள்.

மேடையில் பேசியவருக்குக் குரல் உடைந்தது. “வியாபாரமும் சேவையும் அவங்களுக்கு ரெண்டு கண்ணு. கம்பெனிக்குள்ளேயே ரத்ததான முகாம் நடத்துனாங்க. அம்மா மட்டும் இருபத்தஞ்சு தடவை ரத்தம் குடுத்திருக்காங்க. அந்தக் கேடயம் சும்மா வந்ததில்ல.”

கூட்டம் உச்சுக்கொட்டியது.

“முகாம் அன்னைக்கு ஒனக்கு மட்டும் அரை நாள் லீவு விட்ட மகராசி போயிட்டாவ” என்று கட்டிங் மாஸ்டர் காளிராஜ் அவள் காதருகே சொன்னான். “இனி மருமவ ராச்சியம். பத்துப் பேரை நிறுத்தப் போறாவளாம். ஒன் பேரு இருக்கோ என்னவோ.”

ராஜகுமாரி தூணை விட்டு நிமிர்ந்து நின்றாள். புருஷன் இல்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த மிஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

கூட்டம் கலைந்ததும் மருமகள் செண்பகா அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் பேர் எழுதிய தாள் கிடந்தது. சில பேர்களின் மேல் சிவப்புக் கோடு.

“அடிக்கடி தலை சுத்துதாமே?”

“அதெல்லாம் சரியாயிரும்மா. மாத்திரை சாப்பிடுதேன். தைக்கதுல ஒரு கொறை வராது.”

செண்பகா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பேரீச்சம்பழப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“தெனம் நாலு சாப்பிடுங்கக்கா. ஒடம்பு முக்கியம். ஒங்க பேரை நான் அடிக்கல.”

ராஜகுமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“நீங்களும் அம்மா மாதிரியே இருக்கீக. நல்லா இருக்கணும்.”

செண்பகா எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“அடுத்த முகாமுக்கு ரெண்டு மாசம் இருக்கு. ரத்தம் குடுக்கும்போது அத்தை பேரைச் சொல்லுவீங்கள்ல, இனி என் பேரைச் சொல்லிருங்க.”