டெண்டர் ஓட்டு

பதினொரு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கி வாக்குச்சாவடிக்குப் போனபோது, சண்முகக்கனியின் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அது முதல் ஓட்டு. அதிகாரி பதிவேட்டைத் திருப்பி, அவள் பெயருக்கு நேரே இருந்த கையெழுத்தைக் காட்டினார். யாருடையது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் வாக்காளர் அட்டையை அதிகாரியிடம் நீட்டினாள்.

“உங்க அட்டை சரியாத்தான் இருக்கு. டெண்டர் ஓட்டுப் போடுங்கம்மா.”

“டெண்டரா? ரோடு போடுறதுக்கா சார்?”

கட்சி ஏஜெண்டுகளின் பெஞ்சில் சிரித்தார்கள்.

“உங்க ஓட்டை வேற ஆள் போட்டுட்டா, நீங்க சீட்டுல போடலாம். தனிக் கவர்ல வைப்போம்.”

“எண்ணுவீங்களா?”

“முதல்ல போடுங்க.”

பெஞ்சிலிருந்து அக்கா வீட்டுக்காரர் எழுந்து வந்தார். “கனி, எதுக்கு வம்பு? போட்டுட்டு வீட்டுக்கு வா. அக்கா உனக்குன்னு சீலா மீன் வாங்கி வச்சிருக்கா.”

“எண்ணுவீங்களா சார்?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “எண்ணும்போது அந்தக் கவரைப் பிரிக்க மாட்டாங்கம்மா.”

கனி சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனாள். முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“புகார் எழுத. இது எங்க அக்கா கையெழுத்து சார்.”